எல்லோருக்கும் இருபது

முப்பத்தாறு. கைக்கடிகாரத்தின் முள் ஒரு சுற்று முடித்து மேலே வந்ததைப் பார்த்த உனைசி, நம்பாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். ஆறாம் படுக்கையில் கிடந்த எபேலியின் நெஞ்சு ஏறி இறங்கியது. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. கழுத்துக் குழியும் தோள்பட்டையும்கூட அந்த வேலையில் சேர்ந்திருந்தன. இந்த முறை முப்பத்தைந்து. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் பார்த்தாள். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் என்று மூன்று வரிசை. எண்கள் கொஞ்சம் ஏறியும் கொஞ்சம் இறங்கியும், மனித உடம்பு இருக்கிற மாதிரி இருந்தன. நாலாவது வரிசை மூச்சு. அதில் இருபது. அதற்கடுத்து இருபது. மூன்று நாளாக, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பதினெட்டுக் கட்டத்திலும் இருபது.

உனைசிக்கு முதலில் வந்தது கோபம்தான். பயம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது. இந்த வார்டில் எல்லோரும் நிமிடத்துக்கு இருபது தடவைதான் மூச்சு விடுகிறார்கள். எண்பது வயதுக் கிழவிக்கும் இருபது, தென்னை மரத்திலிருந்து விழுந்தவனுக்கும் இருபது, ஆஸ்துமாவில் உட்கார்ந்தபடியே தூங்குகிற பள்ளிக்கூட வாத்தியாருக்கும் இருபது. போன மாதம் ஒரு கிழவர் காலை பத்து மணிக்கு இறந்துபோனார். பத்தரை மணிக்கு அவர் இருபது தடவை மூச்சு விட்டதாகச் சார்ட்டில் இருந்தது. அன்றைக்கு எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், உனைசியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காய்ச்சலுக்குக் கருவி உண்டு, ரத்த அழுத்தத்துக்கு மிஷின் உண்டு, அதுவே நாடியையும் சொல்லிவிடும். மூச்சுக்கு மட்டும் ஒரு ஆள் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்று இன்னொரு ஆளின் நெஞ்சைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் யாரிடமும் இல்லை. தலைநகர் சுவாவில் நர்ஸ் படிப்பு படித்தபோது, உடம்பு கெட்டுப்போகிறதென்றால் மூச்சுதான் முதலில் வந்து சொல்லும், மற்றதெல்லாம் அப்புறம்தான் வாய் திறக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் உனைசி அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

எபேலிக்கு ஐம்பத்து நாலு வயது. மீன் பிடிக்கிறவர். சர்க்கரை வியாதி. பாறையில் கிழித்துக்கொண்ட கால் கட்டைவிரல் அழுகி, திங்கட்கிழமை இங்கே வைத்துத்தான் விரலை எடுத்தார்கள். எடுத்த டாக்டர் இன்று விடியற்காலையிலேயே தீவின் மறுபக்கத்து ஊர்களுக்குப் படகில் போய்விட்டார், நாளைக்குத்தான் வருவார். கட்டிலை ஒட்டித் தரையில் பாய் விரித்து எபேலியின் மனைவி செருவையா உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அதே பாய், அதே விசிறி. உனைசி இரண்டாம் தடவை எண்ணி முடித்ததிலிருந்து விசிறி நின்றிருந்தது.

"செவ்வாக்கெழமையே சொன்னேனே சிஸ்டர், எங்க பையன் தோமாசியோட அப்பாவுக்கு மூச்சு வாங்குதுன்னு" என்றாள் செருவையா. குரல் உயரவில்லை. "நீங்க அந்தப் பலகையப் பாத்தீங்க. அவரப் பாக்கல."

உண்மை. செவ்வாய்க்கிழமை காலை இதே இடத்தில் நின்று, சார்ட்டை அவளுக்குத் திருப்பிக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது, வலியில் அப்படித்தான் இருக்கும் என்று உனைசி சொல்லியிருந்தாள். செருவையாவுக்குப் புரியட்டும் என்று இருபதின் மேல் விரலைக்கூட வைத்துக் காட்டினாள். இப்போது அந்தப் பதினெட்டுக் கட்டங்களுக்குக் கீழே இருந்த கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எட்டு, கூட வேலை செய்யும் நர்ஸ் மாகரெட்டாவுடையது. ஆறு மற்றவர்களுடையது. நாலு, கொம்பு மாதிரி வளைத்துப் போட்ட அவளுடைய சொந்தக் கையெழுத்து. அதைப் பார்த்ததும் கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. திருப்பிக் கடிக்கிற நாயைப் போல இன்னும் மோசமாகிவிட்டது.

மேஜைக்கு ஓடிப்போய்க் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டர் நவுலிவோ எடுத்தார். உனைசி எண்களைச் சொன்னாள். காய்ச்சல் அதிகமில்லை, நாடி நூற்றெட்டு, அழுத்தம் நூற்று நாலுக்கு அறுபத்து நாலு. அவர் ம், ம் என்று எழுதிக்கொண்டார். மூச்சு முப்பத்தாறு என்றதும் ம் சத்தம் நின்றது. காலை ஆறு மணிக்கு எவ்வளவு என்று கேட்டார். இருபது என்றாள். நேற்றைக்கு? இருபது. முந்தாநாள்? உனைசி அதற்கும் இருபது என்றாள்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை, களைத்த சிரிப்பு. "சிஸ்டர், பத்து வருஷமா உங்க தீவுலேர்ந்து வர்ற ஒவ்வொரு சார்ட்டையும் பாக்குறேன். எல்லாம் இருபது. இன்னிக்குத் திடீர்னு முப்பத்தாறுன்னா நான் எத நம்புறது?"

விமானம் ஒன்றுதான் இருக்கிறது என்றார். பக்கத்துத் தீவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, அங்கிருந்தும் கேட்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குள் விமானியிடம் எந்தத் தீவு என்று சொல்லியாக வேண்டும். உங்கள் விமானத் தளத்தில் விளக்கு கிடையாது, பொழுது சாய்ந்தால் அப்புறம் நாளைக்குத்தான். காய்ச்சலையும் நாடியையும் பார்த்தால் அறுவைக்குப் பிந்தைய வலி மாதிரி இருக்கிறது, முப்பத்தாறு உண்மையென்றால் விஷயமே வேறு, ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. ஆகவே இன்னொரு நர்ஸ் எண்ணட்டும். உங்கள் எண்ணை அவர்களிடம் சொல்ல வேண்டாம். எண்ணும்போது நான் போனிலேயே இருந்து என் கடிகாரத்தைப் பார்க்கிறேன். பத்து நிமிடத்தில் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

உனைசிக்கு அந்தப் போனைச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது. பத்தொன்பது வருட வேலையில் அவள் சொன்ன எண்ணை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை, ஏனென்றால் அவள் சொன்னதெல்லாம் அவர்கள் எதிர்பார்த்த எண். இன்றைக்கு முதன்முறையாக உண்மையைச் சொல்கிறாள், செல்லுபடியாகவில்லை. அந்த ஆளைத் திட்டவும் முடியவில்லை. அவர் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்போம் என்று தெரிந்தது, அதற்காகவும் அவரைத் திட்டினாள், வாய்க்குள்ளேயே.

வார்டில் அந்த நேரம் மூன்று நர்ஸ்கள்தான். ஒருத்தி பிரசவ அறையில் இருந்தாள், வெளியே வர முடியாது. மீதி மாகரெட்டா. அவள் கட்டுத்துணி அறையில் உட்கார்ந்து பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள். உனைசி கதவை முட்டித் திறந்த வேகத்தில் சுருட்டியதெல்லாம் தரையில் உருண்டது. எட்டு இருபது, எட்டு இருபது என்று உனைசி கத்தினாள். நீ படித்தது நர்ஸ் படிப்பா, கணக்குப் போடத் தெரியாதவளுக்கு எதற்கு வெள்ளைச் சட்டை, அந்த மனுஷன் மூன்று நாளாகக் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறான், உன் கண் எங்கே போயிற்று என்றெல்லாம் கேட்டாள். மாகரெட்டா நாற்பத்தைந்து வயதுக்காரி, யாரையும் எதிர்த்துப் பேசாதவள். பஞ்சைப் பொறுக்கி ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அவரு எனக்கு அண்ணன் முறை, சிஸ்டர். எங்க பெரியப்பா பையன்."

மாகரெட்டாவின் ஊர்ப் பக்கத்தில் வயது வந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேச மாட்டார்கள், தொட மாட்டார்கள், ஒரே பாயில் உட்கார மாட்டார்கள். கூடப் பிறந்தவர்களுக்கு மட்டுமில்லை, முறையில் வருகிற எல்லோருக்கும் அது உண்டு. அதுதான் அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் மரியாதை. வேறு கட்டிலை எனக்குக் கொடுங்கள் என்று மாகரெட்டா திங்கட்கிழமை கேட்டதும், ஆள் இல்லாத நேரத்தில் இதென்ன பேச்சு என்று தான் விரட்டியதும் உனைசிக்கு நினைவு வந்தது. ஏன் என்று கேட்டிருக்கவில்லை.

"நான் வாசல்ல வந்தாலே அவரு செவத்துப் பக்கம் திரும்பிக்குவாரு" என்றாள் மாகரெட்டா. "பிரஷர் பட்டையை அண்ணிதான் கட்டி விடுது. நான் தூரத்துல நின்னு மிஷினப் பாத்து எழுதிக்குவேன். மூச்சுக்கு மிஷின் இல்ல. ஒரு நிமிஷம் அண்ணன் நெஞ்சையே மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்க என்னால ஆகல. அதான் இருபது." தட்டை நகர்த்தி வைத்தாள். "தப்புதான். என் தப்புக்கு இது காரணம். நீங்க போட்ட இருபதுக்கு என்ன காரணம் சிஸ்டர்?"

ஒரு காரணமும் இல்லை. உனைசி தேடிப் பார்த்தாள். வேலை அதிகம், ஆள் குறைவு, முதுகு வலி, எல்லாம் நிஜம், எதுவும் காரணம் இல்லை. நாலு தடவையும் அவள் எபேலியிடம் அலையைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசிக்கொண்டே இருபது என்று எழுதியிருந்தாள். அவர் பதிலுக்கு ஒற்றை வார்த்தைகளாகப் பேசியதை, பேச மூச்சுப் போதாமல் பேசியதை, வெட்கப்படுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது அந்தக் கோபத்தை யார் மேலும் இறக்கி வைக்க வழியில்லை. டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னாள், தன் எண்ணைச் சொல்லவில்லை. நீ எண்ணாவிட்டால் விமானம் அந்தத் தீவுக்குப் போய்விடும் என்றாள். அதட்டலாகத்தான் வந்தது, கெஞ்சுவது எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

மாகரெட்டா கட்டிலுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டாள். எபேலி சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கண் பாதி திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. உனைசி போனைப் போட்டுச் சத்தமாகக் கேட்கும்படி தலையணை ஓரத்தில் வைத்தாள். நான் சொல்லும்போது ஆரம்பியுங்கள், நிறுத்துங்கள் என்றதும் நிறுத்துங்கள் என்றார் டாக்டர். மாகரெட்டா அசையவில்லை. கைகள் சட்டைப் பைக்குள் இருந்தன.

செருவையா பாயிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஊர் வழக்கப்படி நாத்தனாரும் அண்ணியும் எங்கே சந்தித்தாலும் ஒருவரையொருவர் கேலி பண்ணாமல் விட மாட்டார்கள். இந்த மூன்று நாளில் அவர்கள் அதைக்கூடச் செய்திருக்கவில்லை.

"என்னடி, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கிற? ஒங்க அண்ணன் எந்திரிச்சுத் திட்டுவாருன்னு பயமா?" என்றாள் செருவையா. கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது, பேச்சு மட்டும் கேலியாகவே இருந்தது. "திட்டுனா சந்தோஷம்டி. வா. வந்து எண்ணு. மரியாதையெல்லாம் ஆளு இருந்தாத்தான்."

மாகரெட்டா முழங்காலிட்டாள். கடைசிப் பத்தடியை முழங்காலாலேயே கடந்தாள். கட்டிலருகே வந்ததும், பெரியவர்களின் தலைக்கு மேல் கை நீட்டுவதற்குமுன் செய்வது போல, உள்ளங்கைகளைக் குழித்து மூன்று முறை தட்டினாள். "திலோவ்" என்று மன்னிப்புக் கேட்டாள். பிறகு பார்ப்பதற்குப் பதிலாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கையை அண்ணனின் நெஞ்சில் வைத்தாள்.

டாக்டர் ஆரம்பிக்கச் சொன்னார். ஒண்ணு, ரெண்டு என்று மாகரெட்டா வாய்விட்டு எண்ணினாள். பக்கத்துப் படுக்கைகளில் பேச்சு அடங்கியது. யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். உனைசி தன் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபது வந்தபோது முள் அரைச் சுற்றுதான் தாண்டியிருந்தது. மாகரெட்டாவின் குரல் அங்கே ஒரு கணம் தடுக்கி, அடுத்த எண்ணை எட்டிப் பிடிக்க ஓடியது. இருபத்தொண்ணு. இருபத்திரெண்டு. உனைசிக்கு இத்தனை வருடமாக அங்கேயே நின்றுவிட்ட எல்லா எண்களின் மேலும் ஆத்திரமாக வந்தது, போ, இன்னும் போ என்று பல்லைக் கடித்தாள். முப்பது. முப்பத்தொண்ணு. செருவையா மாகரெட்டாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தேழு என்றபோது முள் மேலே வந்துவிட்டது. போன் வாய் திறக்கவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. போனின் சின்ன வெளிச்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் ஓசையும், விமானி எங்கே என்று டாக்டர் யாரிடமோ கேட்பதும் காதில் விழுந்தன. நிறுத்துங்கள் என்று அவர் இன்னும் சொல்லவில்லை, உனைசியும் சொல்லவில்லை. மாகரெட்டா கண்ணைத் திறக்காமல், கையை எடுக்காமல், நாப்பது என்றாள். நாப்பத்தொண்ணு என்றாள்.