மனுஷ நிறம்

"தாத்தா, நியூஸ் வாசிக்கிற ஆன்ட்டி மூஞ்சி ஏன் ஆரஞ்சா இருக்கு?"

போன கிறிஸ்துமஸுக்கு ஜோனத்தன் கேட்டது. கட்டிலில் படுத்தபடியே கொர்னேலியஸ் பேரனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். இந்தப் பழைய டிவி உழைத்தது போதும், புதுசு வாங்கலாம் என்றார். வாங்குவதற்குள் நோய் முற்றிவிட்டது. இன்று காலை கொஞ்சம் தெளிவாக இருந்தவர், மகள் ஜெனிட்டாவைத் தானே விரட்டியனுப்பினார்.

"கடைக்காரன் மீனும் பூவுமா போட்டு மயக்குவான். அது எந்த டிவியிலயும் நல்லாத்தான் இருக்கும். நீ மூஞ்சியப் பாரு. மனுஷன் மனுஷன் மாதிரி தெரியணும்."

குகட்பள்ளி கடையில் அவள் இரண்டு எல்சிடி டிவிகளிலும் செய்தி வைக்கச் சொன்னாள். ஒன்று பெயர்போன கம்பெனி, கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். மற்றது விலை குறைவு, யாரும் அதிகம் கேள்விப்படாத பெயர். ஜெனிட்டா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அப்பா கட்டிலிலிருந்து பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பெரிய கம்பெனி டிவியில் செய்தி வாசிப்பவளின் முகம் வெளிறிப்போயிற்று. மலிவானதில் மாறாமல் இருந்தது.

"கழுத்து சுளுக்கா மேடம்?" என்று தெலுங்கில் கேட்டான் விற்பனையாளன்.

அவள் சிரித்துக்கொண்டே எழுந்தபோது போன் அடித்தது. அப்பாவுக்குத் துணையாக விட்டுவந்த பக்கத்து வீட்டு ஃபாத்திமா.

"ஜெனிட்டா, பதறாம வா. அங்கிள் போயிட்டாரு."

செகந்திராபாத் வரைக்கும் ஆட்டோவில் ஒரே நினைப்புதான் அவளை அறுத்தது. நான் டிவி பார்த்துக்கொண்டு நின்றபோது அப்பா என்னைத் தேடியிருப்பாரோ?

அப்பாவின் முகம் தூங்குவது போலிருந்தது. ஃபாத்திமா அவளைத் தனியே அழைத்துப் போனாள்.

"கண்ணத் தொறக்கல. 'ஜெனிட்டா, வந்துட்டியா'ன்னாரு. நான் கையப் புடிச்சு, வந்துட்டேன்ப்பான்னேன். 'மூஞ்சி எப்பிடி'ன்னாரு. நம்ம மூஞ்சி மாதிரியேன்னு சொன்னேன். சிரிச்சாரு. அப்புறம் மூச்சு மெதுவா... பொய் சொல்லிட்டேன். கோவமா?"

"நக்கோ ஃபாத்திமா, அப்பிடிச் சொல்லாத." ஜெனிட்டா அவளைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. தன் கை எட்டாத இடத்துக்குக் கர்த்தர் வேறொரு கையை அனுப்பியிருந்தார் என்ற நிம்மதியும் அதிலேயே இருந்தது.

மறுநாள் கல்லறையிலிருந்து திரும்பியவர்களுக்கு ஃபாத்திமாதான் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளிக்காற்றுக்காக வராந்தாவுக்கு வந்த ஜெனிட்டாவுக்கு, பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. பார்வை போய்ப் படுக்கையில் கிடக்கும் ஃபாத்திமாவின் தாய்.

"ஃபாத்திமா?"

ஜெனிட்டா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கட்டிலோரம் உட்கார்ந்து, துழாவிய விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹவ், அம்மி," என்று ஃபாத்திமாவின் உருதுவிலேயே 'ஆமாம்மா' சொன்னாள்.

விரல்கள் இறுகின. சுவருக்கு அப்பால் டம்ளர்கள் ஓசைப்பட்டன. அவள் மறு கையால் பக்கத்துக் கிண்ணத்திலிருந்த ஸ்பூனை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டினாள்.