கொண்டைக்காரி

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. என் கணவர் எடுக்கும் பாட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் எடுத்த பாட்டை எல்லாம் பிரித்து மேயலாம், அது என் தொழில். புதிதாக ஒரு பாட்டு வீடியோ வந்தால், அதில் ஏன் மழை பெய்கிறது, சுவர் ஏன் நீலமாக இருக்கிறது, சோகம் பாட்டில் இருக்கிறதா படத்தில் இருக்கிறதா என்று என் யூடியூப் சேனலில் உட்கார்ந்து வக்கணையாகப் பேசுவேன். அவரோ கேமராமேன். கல்யாணமான புதிதில் அவர் எடுத்த ஒரு பாட்டைப் பார்த்துவிட்டு, "காதல் லைட்டிங்ல மட்டும்தான் இருக்கு, ஆளுங்ககிட்ட இல்ல" என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்போது போட்ட சட்டம் அது.

இந்தத் தடவை அதை அவரே உடைத்தார்.

"இந்தப் பாட்டை நீ பண்ணு" என்றார், வாசலில் ஷூவைக் கழற்றியபடி.

"எதுக்கு? அப்புறம் உங்க உர்ர்னு இருக்கிற மூஞ்சிய யாரு பாக்கறது?"

"பரவால்ல. பாத்துட்டு என்ன தோணுதோ சொல்லு. உன் வாயால கேக்கணும்."

நேயர்களும் விடவில்லை. 'அக்கா, இதைப் பத்தி எப்போ பேசுவீங்க?' என்று பிய்த்து எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும் என்று அறிவித்தேன்.

நான் வேலை செய்வதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேட்பேன். கடைசியில்தான் இரண்டையும் சேர்ப்பேன். முதலிலேயே பாட்டைக் கேட்டுவிட்டால், படம் செய்யாத வேலையை எல்லாம் பாட்டே செய்துவிடும், நாம் படத்துக்கு மார்க் போட்டுவிடுவோம். இதைச் சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவள் நான்.

அப்படித்தான் சத்தத்தை அணைத்துவிட்டு அவர் பாட்டைப் போட்டேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிய ஆரம்பித்தது.

ஓர் அறை. மேசை முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நமக்குத் தெரிவது அவள் முதுகுதான். தலையை அள்ளிக் கொண்டை போட்டு, அதில் ஒரு பென்சிலைச் செருகியிருக்கிறாள், பெரிய படிப்பாளி மாதிரி. ஏதோ எழுதுகிறாள், எதையோ பார்க்கிறாள். வேறு ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் கேமரா அவளை விட்டு நகர மாட்டேன் என்கிறது. ஜன்னல் வெயில் அவள் பிடரியில் விழுகிறது. கொண்டையில் அடங்காத பூனைமுடி நாலு, வெயிலில் மின்னுகிறது. ஒரு காது. அந்தக் காதை அவர் எடுத்திருக்கும் அழகைப் பார்த்து என் காதில் புகை வந்தது. ஒரு காதை இத்தனை நேரம் பார்க்க ஒரு ஆம்பளைக்கு எங்கிருந்து பொறுமை வருகிறது? போன மாதம் நான் புதுத் தோடு போட்டு வீடெல்லாம் நடந்தேன். மனிதர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அன்றைக்கே அவளுக்குக் கொண்டைக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். படத்தின் இடது ஓரத்தில் கலங்கலாக ஒரு பட்டை தெரிந்தது. கதவு! ஆக, கேமரா கதவுக்கு வெளியே நிற்கிறது. அதுவும் ஒரு ஆள் நிற்கும் உயரத்தில். நின்று ஒளிந்து பார்க்கிறான் ஒருவன். ஒரு இடத்தில் மெல்ல உள்ளே ஓர் எட்டு வைக்கிறது கேமரா. உடனே அவள் திரும்பாமலே கையை மட்டும் தூக்கி, உள்ளங்கையைக் காட்டுகிறாள். கேமரா பின்வாங்குகிறது. 'வராதே' என்று சொல்லி வரவழைக்கிற சாகசம் எனக்குத் தெரியாதா? அவள் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை டீ. முதலில் ஆவி பறக்கிறது. பிறகு மெலிகிறது. பிறகு மேலே ஆடை படிந்து கிடக்கிறது. இவளைப் பார்த்துக்கொண்டே அவன் பொழுதைத் தொலைக்கிறான் என்று அர்த்தம்.

கடைசி ஷாட்தான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. கொண்டைக்காரி நாற்காலியில் மெதுவாகத் திரும்புகிறாள். நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். சிரிப்பு முதலில் கண்ணில் வந்து, பிறகு உதட்டுக்கு இறங்குகிறது. லென்ஸுக்குப் பின்னால் நிற்கிறவனைத் தெரிந்தவள் பார்க்கிற பார்வை அது. லென்ஸுக்குப் பின்னால் நின்றது யார்? என் வீட்டுக்காரர்.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பாட்டைக் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை.

அவர் உள்ளே வந்தது காலடியில் தெரிந்தது. நான் காதை ஆராய்ந்துகொண்டிருந்தேன். "ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டினேன். ஏதோ வைத்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் வாயைப் பிடுங்கிப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு எப்படி?"

"எந்தப் பொண்ணு?"

எப்படிக் கேட்கிறார் பாருங்கள். "அதான், உங்க பாட்டுல வர்ற பொண்ணு. காது அழகு."

"ஆங், நல்லா பண்ணுச்சு. சொன்னபடி உக்காரும். சொன்னபடி கையத் தூக்கும்."

"கையத் தூக்கச் சொன்னதும் நீங்கதானா?"

"ஆமா, டைரக்டர் என்கிட்டயே விட்டுட்டாரு." தட்டிலிருந்து நிமிர்ந்தார். "பாட்டு எப்படி இருந்துச்சு?"

"இன்னும் கேக்கல."

அவர் என்னைப் பார்த்தபடியே தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துபோனார். திருட்டு முழி என்று நான் முடிவு கட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தேன். என்ன பேச்சு! என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. கதவு ஏன் வருகிறது, கேமரா ஏன் தயங்குகிறது, டீ ஏன் ஆறுகிறது, அத்தனையும் கோவையாக வந்தது. 'இந்தப் படத்தை எடுத்தவர் இந்தப் பெண்ணை நேசிக்கிறார். நடிப்பை இப்படி எடுக்க முடியாது, நேயர்களே. தினமும் பார்த்து, மனசில் ஏற்றி, கிட்டே போக முடியாமல் தவிக்கிற ஒருத்தர்தான் இப்படி எடுப்பார்' என்று முடித்தேன். ஊரே கேட்கட்டும், அவருக்கும் உறைக்கட்டும் என்றிருந்தது. சொன்ன வேகத்தில் மைக்கைத் தட்டிவிட்டேன். அதை வெட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்டுகிற வேலை என் நாத்தனாருடையது. என் கணவரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், என் வீடியோவை எல்லாம் அவள்தான் எடிட் செய்கிறாள். பதிவை அனுப்பினேன். வழக்கமாகப் போனில் 'ஓகே அண்ணி' என்று வரும். அன்றைக்கு ஆளே வந்து நின்றாள். செருப்பை ஒன்று இங்கும் ஒன்று அங்குமாக விட்டுவிட்டு நேராக என் அறைக்குள் நுழைந்தாள்.

"அண்ணி, பாட்டைக் கேட்டீங்களா?"

"எல்லாம் பாத்தேன், போதும். நீ உங்க அண்ணனுக்கு வக்காலத்து வாங்க வந்தியா?"

"பாத்தீங்க, சரி. கேட்டீங்களா?"

"நீ மொதல்ல நான் பேசினதை எழுதிக் குடு, தலைப்பு வைக்கணும். இங்கதான் பென்சில் வச்சேன்…" மேசையில் தாள்களைப் புரட்டினேன். கீபோர்டுக்கு அடியில் பார்த்தேன். குனிந்து நாற்காலிக்குக் கீழே பார்த்தேன்.

நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். பிறகு எட்டி, என் தலையிலிருந்து பென்சிலை உருவி மேசையில் வைத்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது.

திரையில் பார்த்த அதே கொண்டை, அதே பென்சில்.

"அந்தப் பொண்ணுக்கு முடி குட்டையாம். ஒட்டுமுடி வச்சுக் கொண்டை போட்டாங்க. பென்சிலை எந்தப் பக்கம் சாய்ச்சுச் செருகணும்னு அண்ணன்தான் நின்னு காட்டிச்சாம்" என்றாள். "ஒண்ணு சொல்றேன் அண்ணி. நீங்க பேசினதுல ஒரு வார்த்தை தப்பு இல்ல. ஆளைத்தான் மாத்திட்டீங்க."

"அப்ப அந்தக் கை…"

"எனக்கே நீங்க அந்தக் கையைக் காட்டியிருக்கீங்க. நான் வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன்."

அசடு வழிந்தது. சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் கடைசி ஷாட் எதுக்குன்னு நான் அண்ணன்கிட்ட கேட்டேன், திரும்பிச் சிரிக்கறது. மத்தது எல்லாம் வீட்ல பாத்தது, அது மட்டும் கற்பனைன்னு சொல்லிச்சு."

சாயங்காலம் வெளியாக வேண்டியதை என்ன செய்வது என்று கேட்டாள். நிறுத்திவிடச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். படத்தை அணைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முதல் தடவையாக அந்தப் பாட்டைக் கேட்டேன்.

அதில் அதிக வாத்தியம் இல்லை. ஓர் ஆண் குரல், பாதிப் பேச்சு மாதிரி.

'உள்ள வரவான்னு கேக்க ஒரு வார்த்தை இருக்கு,
உன் கை அதுக்கு முன்னால எழுந்து நிக்குது.
ஊரு பாட்டெல்லாம் கேக்குற காதுக்கு
ஒட்டி நிக்கிற என் மூச்சு கேக்கலையா?'

காதல் பாட்டு என்றுதானே பேசி வைத்தேன். இது பக்கத்தில் இருந்தும் பிரிந்து கிடக்கிற ஒருவனின் பாட்டு. அவர் அந்தக் காதை அத்தனை நேரம் காட்டியது அழகுக்காக அல்ல. அது எப்போது கேட்கும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் என்னடா என்றால் அதன் வளைவையும் வெயிலையும் பற்றிப் பேசியிருக்கிறேன்.

கண்ணைத் திறந்தேன். முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை. காலையில் வைத்தது போலிருக்கிறது. மேலே ஆடை சுருங்கிப் பழுப்பாகிக் கிடந்தது. அவர் அதைக் கொண்டுவந்து வைத்ததே எனக்கு நினைவில்லை.

அப்போதும் எனக்குக் கொண்டைக்காரி மேல் பொறாமை விடவில்லை. முன்பு எரிந்தது ஒன்றுமே இல்லை, இதுதான் எரிச்சல். அவர் பார்க்க ஏங்கிய ஒரே ஒரு காரியத்தை, சொன்னவுடன் எவளோ ஒருத்தி செய்து காட்டிவிட்டுப் போய்விட்டாள். பக்கத்திலேயே இருக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை.

பாட்டைத் திரும்பப் போட்டேன். முடியும் வரை கேட்டேன். பின்னால் தரை லேசாக அதிர்ந்த மாதிரி இருந்தது. பழக்க தோஷம், என் கை தானாக எழுந்தது. பாதியில் அதை இறக்கிக்கொண்டு திரும்பினேன். அவளைப் போல அழகாக எல்லாம் இல்லை. நாற்காலி கிறீச்சிட்டது, ஹெட்போன் வயர் கழுத்தில் மாட்டிக்கொண்டது, அவிழ்ந்த முடி வாய்க்குள் போனது. சிரிப்பு கண்ணிலும் வரவில்லை, உதட்டிலும் வரவில்லை.

கதவோரம் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் கோப்பை.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்" என்றேன். "திரும்பறதுக்கு அவ எத்தனை டேக் வாங்கினா?"

"நிறைய. ஆள் தெரிஞ்ச மாதிரி பாக்கவே வரல அதுக்கு."

"உள்ள வாங்க."

வந்தார். அப்போதுதான் போட்டு எடுத்து வந்த டீ என்று நினைத்துக் கை நீட்டி வாங்கினேன். கோப்பை சில்லென்றிருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது.