கத்திக்கு ஒரு சொல்

“வெட்டு கோணுது” என்றாள் ருக்மணி. கூப்பன் அரிசிக்கு நின்ற வரிசையில் பாக்கியலட்சுமி கேட்டதற்கு அவ்வளவுதான் சொன்னாள். வெயிலுக்கு முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு ஓரடி முன்னால் நகர்ந்தாள்.

சுப்பையன் பட்டறையில் அடித்த புதுக் கத்தியை வாங்கலாமா என்பதுதான் பாக்கியலட்சுமியின் கேள்வி. ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். கப்பலில் வந்த பழைய கத்திகள் காஜா பெராங் தெரு வீடுகளில் தேய்ந்து ஈர்க்குச்சியாகிவிட்டன. சுப்பையன் உடைந்த லாரிகளின் அடியில் இருக்கும் வில்லுப்பட்டையைக் கழற்றி வந்து, நெருப்பில் போட்டுக் கத்தியாக அடித்தான். அவன் மனைவி அஞ்சலை அதை வீடு வீடாகக் கொண்டுபோய், உப்புக்கோ எண்ணெய்க்கோ கொடுத்துவிட்டு வந்தாள். முதல் கத்தியை அவள் ருக்மணியிடம்தான் கொடுத்தாள். “வெட்டிப் பாருங்கக்கா. நாலு பேரு கேட்டா சொல்லுங்க.”

நாலு பேர் ருக்மணியைத்தான் கேட்பார்கள். தினமும் ஒரு கூடை மரவள்ளிக் கிழங்கு அவள் கையில் வெட்டுப்படும். வில்லை வில்லையாக அரிந்து, காயவைத்து, இடித்துப் புட்டு அவித்து வாசலில் வைத்து விற்பாள். கணவன் இல்லாத அந்த வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் அந்தப் புட்டில்தான் வளர்ந்தார்கள். கத்தியைப் பற்றி அவளைவிட யாருக்குத் தெரியும்?

அவள் சொன்னது வரிசையின் வால்வரை போய்ச் சேர்ந்தது. பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து வந்திருந்த, கெபாயாச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, “பாகுஸ்கா?” என்று கேட்டாள். நல்லதா என்று அர்த்தம். அந்தக் கம்போங்காரர்களுக்கு மலாய்தான் பேச்சு. “தா பாகுஸ்” என்று பாக்கியலட்சுமி கையை விரித்தாள். அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு அதை அவள் தெருவுக்குக் கொண்டுபோனாள். எதை வெட்டினாய், எத்தனை நாள் வெட்டினாய், எப்படிக் கோணியது என்று ஒருவரும் கேட்கவில்லை. ருக்மணியும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அஞ்சலை வந்து பின்கட்டுக் கதவைத் தட்டினாள். ருக்மணி உள்ளே கிழங்கு அரிந்துகொண்டிருந்தாள். எழுந்து, தாழ்ப்பாளை நீக்கிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

“என்ன குறைன்னு சொல்லுங்கக்கா. அவரு சரி பண்ணிடுவாரு.”

“கோணுது. வில்லை ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் மெல்லிசா விழுது. அப்படி விழுந்தா ஒண்ணுபோல காயாது. பூஞ்சை பிடிச்சுடும்.”

“ஒரு தரம் வெட்டிக் காட்டுங்களேன்.”

ருக்மணி சுப்பையன் கத்தியை எடுத்தாள். ஆள் இருந்ததால் வலது கையில் எடுத்தாள். அது அவளுக்கு யோசிக்காமல் வரும் பழக்கம். சின்ன வயதில் அவள் இடது கையைத் துணியால் இடுப்போடு கட்டிவைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தெரியவில்லை. கட்டியவனுக்கும் ஒரு வருஷம் தெரியவில்லை. இத்தனை வருஷமாகத் தெருவில், வரிசையில், கோயிலில் அவள் வலது கைக்காரி. தாழ்ப்பாள் போட்ட அடுக்களையில் மட்டும் இடது கை வேலை செய்தது.

வலது கையால் மெதுவாக வெட்டினாள். வில்லை விழுந்தது. இன்னொன்று. மூன்றும் நான்கும் அச்சில் வார்த்ததுபோல ஒரே கனமாக விழுந்தன.

“நேராத்தானே விழுது?” என்றாள் அஞ்சலை.

ருக்மணி கத்தியைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் சரிவாகத் தீட்டியிருந்தது. மறுபக்கம் பலகைபோலத் தட்டை.

“ஒரு பக்கம்தான் தீட்டறாரா?”

“அரம் எங்கக்கா கிடைக்குது? ரெண்டு பக்கமும் ராவினா இருக்கிற அரமும் மொட்டையாயிடும். வலப்பக்கம் தீட்டினா போதும், வெட்டு நேராத்தான் வரும்னாரு.”

வரும், வலது கைக்கு வரும். ருக்மணி கத்தியைப் பலகையில் வைத்தாள். கூடையிலிருந்து அடுத்த கிழங்கை எடுத்தாள்.

அஞ்சலை அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். “அப்ப ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? நேத்து ஆள் கணக்கு எழுதற கிராணி வந்தாரு. நெருப்பில்லாத பட்டறையில ஆளு எதுக்குன்னு கேட்டாரு. வெள்ளிக்கிழமை மறுபடி வருவாராம். வேலையில்லாதவன் பேரெல்லாம் சயாம் ரயில் பாதைக்குத்தான் போகுதுக்கா. போனவன் ஒருத்தன்கூட இன்னும் திரும்பல.”

சாக்கில் கத்தியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

மறுநாள் புதன்கிழமை. வரிசையில் ருக்மணி தானாகவே வாயைத் திறந்தாள்.

“சுப்பையன் கத்தி நல்லாத்தான் இருக்கு.”

பாக்கியலட்சுமி திரும்பிப் பார்த்தாள். “அன்னிக்குக் கோணுதுன்னீங்க.”

“இப்ப நல்லாருக்கு.”

“கத்தி என்ன வைத்தியம் பண்ணிக்கிச்சா?” நாலைந்து பேர் சிரித்தார்கள். “அஞ்சலை எவ்வளவு உப்பு குடுத்தா? எங்களுக்கும் குடுத்தா நாங்களும் நல்லாருக்குன்னு சொல்லுவோம்.”

“உப்பெல்லாம் இல்ல.”

“பின்ன? கெட்டதுன்னு சொன்னதுக்காவது கோணுதுன்னு ஒரு காரணம் இருந்திச்சு. நல்லதுங்கிறதுக்கு ஒண்ணும் காணோமே!”

வரிசைக்கு வெளியே, அரசமர நிழலில், அஞ்சலை சாக்கை விரித்து ஆறு கத்திகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“கத்தி வலது கைக்குத் தீட்டினது” என்றாள் ருக்மணி. “நான் இடது கையால வெட்டினேன். அதான் கோணிச்சு.”

“ஏன் இடது கையால வெட்டினீங்க? வலது கையில அடிபட்டுச்சா?”

“அடி ஒண்ணும் படல. எப்பவும் அந்தக் கைதான்.”

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். அவர்களில் பாதிப்பேர் காலையில் அவள் வாசலில் புட்டு வாங்கித் தின்றுவிட்டு வந்தவர்கள்.

“எல்லா வேலைக்குமா?” பாக்கியலட்சுமியின் குரல் இறங்கியிருந்தது.

“அரியறது, இடிக்கிறது, மாவு பிசையறது. எல்லாம்தான்.”

“பீச்சாங்கையிலயா எங்களுக்கு ஆக்கிப் போட்ட?” பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். நீங்க, வாங்க எல்லாம் போய்விட்டது.

ருக்மணி இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளுக்கும் பின்னால் நின்றவளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அங்கே வெயில் அடித்தது.

கொஞ்ச நேரம் கழித்து பாக்கியலட்சுமி வரிசையை விட்டு அரசமரத்தடிக்குப் போனாள். தன் கூடையிலிருந்த கிழங்கு ஒன்றை எடுத்துச் சாக்கின்மேல் வைத்து வெட்டினாள். விழுந்த வில்லையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்று வெட்டினாள். அங்கிருந்தே கத்தினாள்:

“எத்தனை நாளு வெட்டின?”

“அஞ்சு நாள். தினம் ஒரு கூடை.”

“கூர் மழுங்கிச்சா?”

“மூணாம் நாள் ஒரு தரம் கல்லுல தேச்சேன்.”

“தேங்கா உடைக்கலாமா?”

“கூடாது. வாய் மெல்லிசு, உடைஞ்சுடும்.”

அந்தப் பதிலைக் கேட்டுத்தான் இன்னும் இரண்டு பேர் வரிசையை விட்டு இறங்கினார்கள். கெபாயா போட்ட பெண்ணுக்கு ஒருத்தி மலாயில் எல்லாவற்றையும் சொன்னாள். இந்தத் தடவை சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. கேள்வி கேட்ட ஒருத்தியும் ருக்மணியின் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானைக்குள் இருந்த அவள் இடது கையைத்தான் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே சுப்பையன் பட்டறையில் துருத்தி ஊதும் சத்தம் கேட்டது. கிராணி வந்தார். நெருப்பைப் பார்த்தார். நின்றுகொண்டே ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் சைக்கிள் முனை திரும்பி மறைந்ததும் அஞ்சலை தெருவைக் கடந்து ருக்மணியின் வாசலுக்கு வந்தாள். பொழுது நன்றாக ஏறியிருந்தது. புட்டுப் பானை நிறைந்தபடியே இருந்தது. பெரிய மகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு இலைக்குப் போடுங்கக்கா” என்றாள் அஞ்சலை. எதிர்வீட்டு ஜன்னலுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

ருக்மணி சுடுகின்ற மூடியை வலது கையால் தூக்கிப் பிடித்தாள். ஆவி முகத்தில் அடித்தது. புட்டை அள்ளி நீட்டிய பிறகுதான் கரண்டி எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தாள். இடது கை. மாற்றிக்கொள்ளவில்லை.

அஞ்சலை வாழை இலையை இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தாள். அவள் கண் கரண்டி பிடித்த கையில் விழுந்தது; நீட்டிய இலை பாதி வழியில் நின்றது. கழுவிய தண்ணீர் இலையின் நடு நரம்பில் ஓடி, நுனியில் சொட்டாகத் திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.