வாயில் வந்த பெயர்

ஆறு, நாற்பத்து நான்கு, எண்பத்தொன்று. பிள்ளையின் ரத்தத்தை மூன்று தடவை சோதித்ததில் வந்த நம்பர்கள் இவை. அவனைப் பெற்ற பமேலாவிடம் அவளுடைய சொந்தப் போன் நம்பரைக் கேட்டால்கூட இப்போது சட்டென்று வராது. இந்த மூன்றும் மட்டும் மண்டைக்குள் ஆணி அடித்த மாதிரி நின்றன.

பிள்ளைக்குப் பத்து நாள். பன்னிரண்டு வாரம் முந்திக்கொண்டு வந்தவன், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மலேசியாவில் ஈப்போ ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒழுங்காகத்தான் கிடந்தான். நேற்று விடியற்காலையில் உடம்பு சாம்பல் பூத்துப்போய், மூச்சு விட்டுவிட்டு நின்றது. ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம் என்று டாக்டர் நூருல் சோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் மருந்தை ஏற்றிவிட்டார். அப்போது எடுத்த ரத்தத்தில், கிருமியோடு உடம்பு போராடுவதைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு ஆறு. பத்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, பமேலா, பைத்தியக்காரி, சந்தோஷப்பட்டாள். சாயங்காலமே அது நாற்பத்து நான்கானது. இன்று மத்தியானம் எண்பத்தொன்று.

கிருமி வந்த உடனே இது ஏறாது, ஈரல் இதைச் செய்து ரத்தத்தில் விட நேரம் பிடிக்கும், இறங்கவும் அப்படித்தான் என்று டாக்டர் நூருல் பொறுமையாக விளக்கினார்.

"இந்த நம்பர் நேத்து நடந்த சண்டையச் சொல்லுதுக்கா. மருந்து கேக்குதான்னு நாளைக்குத்தான் தெரியும்."

பிள்ளை பிழைத்துவிடுவானா என்று பமேலா கேட்டாள். அவர் அடுத்த ரத்தச் சோதனைக்குச் சீட்டு எழுதினார்.

பமேலாவின் புருஷன் ராட்னி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயமெல்லாம் இடிந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. தோட்டத்துச் சர்ச்சில் சின்ன வயதில் படித்தது மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. உயிருக்குப் போராடும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அதில் ஒன்று. கொடுத்துவிடுவோம் என்று நேற்று விடிந்ததும் விடியாததுமாக நச்சரிக்க ஆரம்பித்தான்.

பமேலா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூத்த பிள்ளை ஆறு மாதம்கூட நிறையாமல் பிறந்தபோது, அவசரத்தில் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தாள். அதற்குப் பிறகு அவன் நாற்பது நிமிஷம் இருந்தான். அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. பமேலாவுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் போய் வா என்று அனுப்பி வைப்பது, அவ்வளவுதான். நம்பர் இறங்கும்வரை இவனுக்குத் தண்ணீரும் கிடையாது, பெயரும் கிடையாது. பெட்டியில் ஒட்டிய சீட்டிலும் 'பமேலாவின் குழந்தை' என்றுதான் இருந்தது.

எண்பத்தொன்றைக் கேட்ட பிறகு ராட்னி வராந்தாவில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மறுபடியும் ஆரம்பிக்கப் போகிறான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பமி, நான் குடுத்துட்டேன்லா," என்றான்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, பிள்ளைக்காக அவள் தாய்ப்பால் பீய்ச்சி எடுக்கப் போன நேரம். மிஸ்ஸியிடம் சுத்தம் செய்த தண்ணீர் கேட்டு வாங்கி, முழங்கைவரை கழுவிக்கொண்டு, பெட்டியின் துவாரம் வழியாக நெற்றியில் மூன்று சொட்டு விட்டிருக்கிறான்.

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அவள் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். என் பிள்ளையை என்னைக் கேட்காமல் அனுப்பி வைக்க நீ யார் என்றாள். நீ செய்த வேலையில்தான் நம்பர் ஏறியது என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். ராட்னி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

திட்டிக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. நேற்றுக் காலை பத்து. விரல் விட்டு எண்ணினாள். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினாள். முப்பது மணி நேரம்.

"மூத்தவன் நாப்பது நிமிஷந்தான் இருந்தான்," என்றாள்.

"ஆமா."

கோபம் போகவில்லை. கை மட்டும் தானாகச் சட்டையை விட்டது. என்ன பெயர் வைத்தாய் என்று கேட்டாள். ராட்னி தரையைப் பார்த்தான்.

"வேற ஒரு பேரும் வாயில வரலே பமி. கால்வின்னுதான் வந்துச்சு."

மூத்தவனின் பெயர். பமேலா எழுந்து, அவனைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

கையைக் கழுவிக்கொண்டு பெட்டியருகே அவள் வந்தபோது, மிஸ்ஸி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கப் பிள்ளையின் குதிகாலில் ஊசி வைத்துக்கொண்டிருந்தாள். நேற்று இதே ஊசிக்கு அந்தக் கால் அசையவே இல்லை, துணி மாதிரிக் கிடந்தது. இன்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். முகம் சுருங்கியது. மிஸ்ஸி சர்க்கரை அளவைக் குறித்துக்கொண்டு போனாள். நாளைக்கு என்ன நம்பர் வருமோ, யாருக்குத் தெரியும்.

அவள் துவாரத்துக்குள் கையை விட்டு அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள். பத்து நாளாக அவனை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"கால்வின்," என்றாள். "நீயாச்சும் இருடா."