யாரைக் கேட்டு மாத்துனே?

அந்த மருத்துவமனையின் இணையதளத்தைக் கவனித்துக்கொண்டவளுக்கு அலுவலகத்தில் வாயாடி என்று பெயர்.

ஒருநாள் அவளுடைய அக்காவின் மகள், நடை பழகிக்கொண்டிருந்த குழந்தை, தரை துடைக்கும் மருந்தைக் குடித்துவிட்டாள். அக்கா பதறிப்போய் அதே இணையதளத்தைத் திறந்தாள். மருத்துவமனைத் தலைவரின் படம், வரவேற்புரை, வாங்கிய விருதுகள் வரிசையாக வந்தன. அவசர எண் 'எங்களைப் பற்றி'க்குள் 'நிர்வாகம்' என்ற பகுதியில் ஒளிந்திருந்தது. தேடி அலுத்தவள், பக்கத்து வீட்டுக்காரரின் காரில் குழந்தையை அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தாள். வாயெல்லாம் வெந்திருந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை. மூன்றாவது மாடியில் சேர்த்துக்கொண்டார்கள்.

"நீதானேடி அதைப் பாத்துக்கிறே? நம்பரை ஏன் அங்க கொண்டுபோய் ஒளிச்சு வெச்சே?" என்றாள் அக்கா.

"அங்கதான் வைக்கச் சொன்னாங்க."

சொன்ன வாய் அவளுக்கே கசந்தது.

மறுநாள் காலை முகப்புப் பக்கத்தைப் பிரித்துப் போட்டாள். அவசர எண் உச்சிக்கு ஏறியது. பிறகு போனோடு காத்திருப்போர் கூடத்தில் போய் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் கொடுத்துத் தேடச் சொன்னாள். 'புறநோயாளிகள் பிரிவு' என்பதை யாரும் தொடவில்லை. 'டாக்டரைப் பார்க்க' என்று மாற்றியதும், கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெண்கூடக் கட்டைவிரலால் சட்டென்று அழுத்தினாள். 'நச்சியல்' போய், 'குழந்தை எதையாவது விழுங்கிவிட்டதா?' வந்தது.

மதியம் மேலாளர் பாய்ந்து வந்தார்.

"தலைவர் படம் எங்க?"

"இருக்கு சார். கடைசியில."

"யாரைக் கேட்டு மாத்துனே?"

"வெளியே உக்காந்திருக்கிறவங்களைக் கேட்டு."

"பழையபடி மாத்து. இல்லன்னா வேலை போயிடும்."

"போகட்டும் சார். என் கையால மாத்த மாட்டேன். நீங்களே மாத்துங்க. ஆனா அதுக்கு முன்னாடி மூணாவது மாடியில எங்க அக்கா இருக்கா, அவகிட்ட காரணத்தைச் சொல்லிட்டு வாங்க."

மேலாளர் அக்காவிடம் போகவில்லை, தலைவரிடம் போனார். தலைவரே இறங்கி வந்து திரைமுன் உட்கார்ந்தார்.

"என்னைப் பாக்கணும்னா பக்கத்தை எத்தனை தடவைம்மா தள்ளணும்?"

"நாலஞ்சு தடவை சார்."

"குழந்தைக்கு ஆபத்துன்னா?"

"தள்ளவே வேண்டாம்."

தலைவர் முகம் சுண்டிப்போனது. எழுந்து போனார்.

மாலையில் இரண்டு உத்தரவுகள் வந்தன. பக்கம் அப்படியே இருக்கலாம். அவள் கீழ்த்தளத்து மருந்துக் கிடங்குக்கு மாறிப் போக வேண்டும்.

பையை மாட்டிக்கொண்டு மேலாளரின் மேசை முன் நின்றாள்.

"படம் மறுபடி மேல ஏறுச்சுன்னா, நானும் கிடங்கிலேர்ந்து ஏறி வருவேன் சார்."