பூட்டிவிட்டு ஒரு இழு

தம்பியின் வக்கீல் கடைக்கு வந்தபோது நான் சாவி வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கடையில் பூட்டு என் வீட்டுக்காரர் வேலை, சாவி என் வேலை. புருஷன் பூட்டுவான், பெண்டாட்டி திறப்பாள் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்துக்கொள்வோம், காசில்லாத விளம்பரம்தானே. இயந்திரத்தை நிறுத்தாமலே வக்கீலை உட்காரச் சொன்னேன். பித்தளைத் தூள் பறந்து அவருடைய கறுப்புப் பேன்ட்டில் படிந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். தம்பி இடுப்பும் தொடையும் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரும் கூப்பிடாமலே வந்து நின்ற மனிதர் அவர். அப்படி வருகிறவர்கள்மேல் எனக்கு மரியாதை கொஞ்சம் கம்மி.

ஆனால் விஷயத்தைப் புரியும்படி சொன்னார், அதை மறுக்க முடியாது. பழைய தீயணைப்பு நிலையம் காலியாகக் கிடந்தாலும் அது நகராட்சியின் கட்டடம். போகிற வருகிறவர்கள் உள்ளே போய் அடிபடாதபடி மூடி வைத்திருப்பது நகராட்சியின் பொறுப்பு. கதவு திறக்கிற நிலையில் கிடந்திருந்தால் தப்பு அவர்கள்மேல், தம்பிக்கு நஷ்டஈடு வரும். ஒழுங்காகப் பூட்டியிருந்த கதவைத் தம்பி திறந்துகொண்டு போயிருந்தால் தப்பு தம்பிமேல், பைசா வராது.

"பூட்டு சரியா விழுந்திருந்துச்சா இல்லையா, அவ்வளவுதாங்க கேஸு. அதைச் சொல்லக்கூடியவர் ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டுக் கடையின் பின்பக்கம் பார்த்தார். அங்கே இவர் ஒரு பழைய பெட்டிப் பூட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, காதே கேட்காதவர்போல எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் அந்தப் பூட்டைப் போட்டது இவர்தான். நகராட்சி கைவிட்ட கட்டடங்களுக்கெல்லாம் பூட்டுப் போடும் வேலை பல வருஷமாக எங்கள் கடைக்குத்தான். ஆள் குறைந்துபோய் மூடிய பள்ளிக்கூடம், கூரை ஒழுகுகிறது என்று காலி செய்த நூலகம், பழைய குடிநீர் ஆபீஸ், எல்லாவற்றின் கதவிலும் தொங்குவது எங்கள் கடைப் பூட்டு. புது இடம் கட்டித் தீயணைப்பு வண்டிகள் அங்கே போனபிறகு பழைய நிலையத்தையும் இவர்தான் பூட்டிவிட்டு, சாவிகளை நகராட்சியில் கொடுத்துவிட்டு வந்தார்.

என் தம்பியைத் தெருவில் புறாக்காரன் என்றால்தான் தெரியும். வேன் ஓட்டிச் சம்பாதிப்பதில் பாதி அவன் மொட்டைமாடிக் கூண்டுக்குப் போகும். அன்றைக்கு அவனுடைய வெள்ளைப் பெட்டை ஒன்று பறந்து போய், தீயணைப்பு நிலையத்தின் மாடி ஜன்னல் உடைசல் வழியாக உள்ளே புகுந்துவிட்டது. இவன் பின்கதவுக்குப் போயிருக்கிறான். பூட்டைத் தொட்டான், கையோடு வந்துவிட்டது. இது அவன் சொல்வது. பூட்டைப் பத்திரமாக ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு உள்ளே போனான். அந்த அளவுக்கு நல்ல புத்தி.

மாடியில் தீயணைப்பு வீரர்கள் படுத்திருந்த கூடம். மணி அடித்தால் படியில் இறங்க நேரமிருக்காது என்று தரையில் வட்டமாக ஒரு ஓட்டை விட்டு, அதன் நடுவே ஒரு கம்பம் நட்டிருந்தார்கள், அதைக் கட்டிக்கொண்டு சறுக்கிக் கீழே வருவதற்கு. காலி செய்தபோது கம்பத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஓட்டையை எங்கே கொண்டுபோக? அதன்மேல் யாரோ ஒரு பழைய அட்டையை விரித்துப் போட்டிருந்தார்கள். என் தம்பி உத்தரத்தில் உட்கார்ந்திருந்த புறாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறான். அட்டையோடு கீழே போய்ச் சேர்ந்தான்.

இரும்பு வைத்துத் தைத்த காலால் இனி வேன் கிளட்சை மிதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் பெண்டாட்டி துணிக்கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்து, அவனைத் தூக்கி உட்கார வைப்பாள். புறாக்களை விற்றாகிவிட்டது. நஷ்டஈடு வந்தால் சின்னதாக ஒரு கடை போட்டு உட்கார்ந்துகொள்வான். வராவிட்டால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை.

நகராட்சி கொடுத்த பதில்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபத்தைக் கொண்டுவந்தது. நாங்கள் தொழில் தெரிந்த ஆளை வைத்துப் பூட்டிவிட்டோம், எங்கள் பொறுப்பு அதோடு முடிந்தது என்றார்கள். மாதாமாதம் வந்து பார்க்க வேண்டிய மேற்பார்வையாளர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை, அதைப் பற்றி மூச்சு விடவில்லை. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை, ஆகவே சாவி போட்டுத்தான் திறந்திருக்க வேண்டும், காயம்பட்டவரின் அக்கா சாவி வெட்டும் தொழில் செய்கிறவர் என்பதையும் கவனிக்க வேண்டும் என்று சொன்னார்கள். எப்படி இருக்கிறது பாருங்கள் கதை. இத்தனை வருஷத்தில் வீட்டுச் சாவி என்று யாரோ கொண்டுவந்து நீட்டினால்கூட முகத்தைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டுத்தான் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஆக எல்லாம் இவர் வாயில் வந்து நின்றது. இவருக்கு ஒரு பழக்கம் உண்டு, ஊருக்கே தெரியும். எதைப் பூட்டினாலும் பூட்டிவிட்டு ஒரு இழு இழுப்பார். அமுக்கினாலே கொக்கி விழுந்து மாட்டிக்கொள்கிற பூட்டு சில சமயம் விழுந்ததுபோல இருக்கும், விழுந்திருக்காது. இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகு இறங்கி ஓடிப்போய் இழுத்துவிட்டு வந்த மகானுபாவர் இவர். தாலி கட்டி முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் போய்ச் சேர்ந்தோம். அந்த மனிதர் அன்றைக்கு இழுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தம்பிக்கு வழி பிறக்கும். ஆனால் பூட்டுக்காரனே பூட்டாமல் விட்டான் என்று பேராகிவிடும். நகராட்சி வேலையும் போகும்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கேட்டேன். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஒரு தடவை விட்டுட்டேன்னு சொன்னா என்னங்க குறைஞ்சிடும் உங்களுக்கு?"

"விட்டிருந்தா சொல்லிடலாம். விட்டேனான்னே தெரியலையே."

"அப்ப இழுத்தீங்களா?"

"அதுவும் தெரியல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டப்பாவை மூடிவிடலாம் என்றிருந்தது. தினமும் செய்கிற வேலை எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டேன். "தினமும் செய்றதாலதான் தெரியல. ஒரே ஒரு நாள் செஞ்சிருந்தா ஞாபகம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கிவிட்டார். நழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். கட்டின பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனைவிட இவருக்குப் பூட்டு பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க, தேவைக்குமேல் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. இவர் அதையும் ஒரு பூட்டைப் போலவே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி இன்னும் ஒரு படி மேலே போனான். மாமா மாமா என்று இவர் காலையே சுற்றி வந்தவன், பேச்சில் அந்த வார்த்தையையே விட்டுவிட்டான். "அவர் என்ன சொல்லப்போறாராம்?" என்று என்னிடம் கேட்பான், பக்கத்திலேயே இவர் உட்கார்ந்திருக்கும்போது. இவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. எழுந்துபோய், அவனுடைய ஊன்றுகோலின் ரப்பர் அடி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, மாற்றிப் போட்டுவிட்டு வருவார்.

விசாரணை நாளும் வந்தது. கோர்ட் என்றால் பெரிய மண்டபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருந்தது, மின்விசிறி ஒன்று தலைக்குமேல் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. நீதிபதி ஒரு அம்மா. நகராட்சி வக்கீல் மெதுவாகப் பேசுகிற ஆள், ஆஸ்பத்திரியில் நலம் விசாரிப்பவர்போலக் கேட்டார். பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டா என்றார். உண்டு என்றார் இவர். அப்படியென்றால் அன்றும் பார்த்திருப்பீர்கள் என்றார். பார்த்திருப்பேன் என்று நினைக்கத்தான் முடிகிறது, பார்த்தேன் என்று சொல்ல முடியவில்லை என்றார் இவர். தம்பியின் வக்கீல் துள்ளி எழுந்து, அப்படியானால் பார்க்காமலும் இருந்திருக்கலாம் இல்லையா என்றார். அதையும் சொல்ல முடியவில்லை என்றார். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எனக்கு எழுந்துபோய் இவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

பிறகு நகராட்சி வக்கீல் அதே மெதுவான குரலில், "உங்க மனைவி சாவி வெட்டுவாங்க இல்லையா?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார். பிறகு யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"அந்தச் சாவி அவ கைக்கு வரவே இல்லீங்க. அதோட இன்னொண்ணும் சொல்லணும். பூட்டைக் கையில வச்சிருக்கும்போது ஒரு போன் வந்துச்சு. வீட்ல இருந்து. மச்சினன் வந்திருக்கான், நீங்க வந்தாத்தான் சாப்பிடுவேன்னு உட்கார்ந்திருக்கான், சீக்கிரம் வாங்கன்னு. போனைக் காதுல வச்சுக்கிட்டே பூட்டை அமுக்கினேன். அமுக்கினது ஞாபகம் இருக்குங்க. அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இருக்கறது அவ பேசின பேச்சு மட்டும்தான்."

நீதிபதி அம்மா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். நகராட்சி வக்கீல் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். தம்பியின் வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போன் எனக்கு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. எல்லாம் சூடு ஆறுகிறது, எங்கே போனாலும் அங்கேயே குடித்தனம் நடத்துவீர்களா என்று வேறு திட்டியிருந்தேன். பக்கத்தில் தம்பி உட்கார்ந்து, நல்லா கேளுக்கா என்று தூண்டிவிட்டுக்கொண்டிருந்தான். இப்போது அதே தம்பி முன்பெஞ்சில் ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு, அதன் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பைப் பிறகு சொல்வார்களாம். வெளியே வந்து வராந்தாவில் நின்றோம். தம்பி பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தான். இதை ஏன் வீட்டில் என்னிடம் சொல்லவில்லை என்று இவரைக் கேட்டேன். அத்தனை நாள் நான் முறுக்கிக்கொண்டு திரிந்தபோதுகூடச் சொல்லவில்லையே.

"நீ போன் பண்ணதாலதான் அவன் கால் போச்சுன்னு நினைச்சுக்குவே. அதான்."

அழுகை வந்துவிட்டது. கோர்ட் வாசலில் நின்று அழுதால் கேஸ் தோற்றுவிட்டது என்று நினைப்பார்கள் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவர் சொன்னது சரி. அப்போது நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பியின் பெண்டாட்டி வேலை முடிந்து வந்து அவனை அழைத்துப் போகும்வரை எங்கள் கடையில் இருக்கட்டும் என்று கூட்டி வந்தோம். கடையில் உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் நகராட்சிப் பொறியாளர் போன் செய்துவிட்டார். செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியிருக்கிறது. அவசரத்துக்கு என்று எங்கள் கடையில் விட்டிருந்த மற்றக் கட்டடங்களின் மாற்றுச் சாவியெல்லாம் மறுநாள் காலையில் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்றார். சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டார் இவர். ஒரு உச்சுக்கூடக் கொட்டாமல், பலகையில் மாட்டியிருந்த சாவிக்கொத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு துணிப்பையில் போட்டார். பள்ளிக்கூடம், நூலகம், குடிநீர் ஆபீஸ். பலகையில் ஆணிகள் மட்டும் மிஞ்சின. தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் கொடுத்த தேநீர் அவன் கையில் ஆறிப்போனது.

கடை அடைக்கும் நேரமாயிற்று. அவன் பெண்டாட்டி தெருமுனையில் வருவது தெரிந்தது. நாங்கள் வெளியே வந்தோம். இவர் ஷட்டரை இறக்கினார், பூட்டை மாட்டி அமுக்கினார். டக்கென்று சத்தம் கேட்டது. அதன்பிறகு அவருடைய கை பூட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, காற்றில் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருஷம் தானாகப் போன கை. இப்போது அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், யாரோ வேறு ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல.

பின்னாலிருந்து ஊன்றுகோல் சத்தம் வந்தது. தம்பி ஊன்றுகோலை என்னிடம் நீட்டினான், வாங்கிக்கொண்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டான். வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து, பூட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். ஷட்டர் மேலிருந்து கீழ்வரை அதிர்ந்தது.

"விழுந்திருக்கு மாமா," என்றான். "நான் பாத்தேன்."

கையை விட்டான். பூட்டு ஷட்டரில் தட்டித் தட்டி ஆடியது. அது ஆடி அடங்கும்வரை மூன்று பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.