வார்டில் மீன் நின்ற நாள்

ராயபுரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் சமையல்காரன். திருநெல்வேலிச் சைவக் குடும்பம். ஆறு வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு மீன்குழம்பு கிளறியவன். 1931-இல் வந்த புது டாக்டர், நெஞ்சு பலவீனமான நோயாளிகளுக்கு இனிக் காய்கறிச் சாப்பாடுதான் என்று உத்தரவு போட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு என்று முதல் நாளே அமர்க்களப்படுத்தினேன். நோயாளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

முதல் இலை கோதண்டத்துக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். கட்டிலை விட்டு இறங்கினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொருக்குப்பேட்டையில் அவன் மனைவி பூவம்மாவுக்கு நிறைமாதம். தினமும் வந்து பார்த்துப் போகிறவள் இரண்டு நாளாக வரவில்லை.

இலையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"சாவு வூட்டுச் சோறு இல்ல இது? யாரு நைனா? சொல்லு, யாரு?"

என் கைப்பக்குவத்தைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும்.

"பேசாமத் தின்னும்வே!" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கட்டில் காலி.

நாலாம் நாள் மனசு கேட்காமல் கொருக்குப்பேட்டைக்குப் போனேன். பூவம்மா மடியில் பச்சைக் குழந்தை. அழுது அழுது குரலே இல்லை அவளுக்கு.

"எங்க வூடுங்கள்ல சாவு வுழுந்தா பதினாறு நாளு கவுச்சி இல்ல நைனா. மீனு இல்லாத சோத்தப் பாத்துட்டு, எனக்கோ புள்ளைக்கோ ஏதோ ஆயிடுச்சின்னு நடந்தே வந்துட்டாரு. 'நீயா, புள்ளயா, யாரு போனது?'ன்னாரு. ரெண்டு பேரும் நல்லாத்தான் கீறோம்னேன். சிரிச்சாரு. அப்டியே குந்துனாரு, அவ்ளோதான்."

அவன் கிண்டல் செய்யவில்லை. கெஞ்சியிருக்கிறான்.

குழந்தையைத் தட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: "ஆஸ்பத்திரியில ஒருத்தரக் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்கதானே? ஏன் நைனா கேக்காம வந்தாரு?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்போம், தாயி" என்றேன்.